நூறு டாலர் சோதனைக்கு ஏன் 28,000 ரூபாய்?

குடியாத்தத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவருடைய ஒப்புதலுடன் சுருக்கித் தருகிறேன்.

இவர் தாய்மாமனையே மணந்தவர். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். மூன்று வயது மகனுக்கு ஒன்பதாம் மாதத்தில்தான் தலை நின்றது. இப்போது உட்காருகிறான், பிடித்துக்கொண்டும் நிற்கவில்லை, ஓரிரு சொற்களுக்கு மேல் பேச்சு வரவில்லை. ஏழாம் மாதத்திலிருந்து வலிப்பு வருகிறது. இரண்டு மருந்துகள் கொடுத்தும் முழுமையாகக் கட்டுப்படவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் குரோமோசோம் சோதனையும் நார்மல். வேலூரில் பார்க்கும் மருத்துவர் ‘எக்ஸோம்’ என்ற மரபணுச் சோதனையை எழுதிக் கொடுத்திருக்கிறார். கட்டணம் 28,000 ரூபாய். இதற்கிடையில் ஒரு தனியார் லேப்பின் பிரதிநிதி, 85,000 ரூபாய்க்கு ‘முழு ஜீனோம்’ எடுத்துவிட்டால் வாழ்நாளில் வேறு எந்த டெஸ்டும் தேவைப்படாது என்று திரும்பத் திரும்ப போன் செய்கிறார். கணவரோ, ஜீனோம் சோதனை உலகத்தில் நூறு டாலருக்கு வந்துவிட்டதாக செல்போனில் படித்துவிட்டு, எல்லாரும் ஏமாற்றுகிறார்கள், நாலு வருஷம் பொறுத்தால் இங்கேயும் விலை இறங்கிவிடும் என்கிறார். இவர் இப்போது எட்டு வாரக் கர்ப்பிணி; கணவருக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். மாமியார், அதாவது இவருடைய அம்மாவைப் பெற்ற ஆயாவே, “உன் ரத்தத்துலதான் கோளாறு” என்று சொல்லிக் காட்டுகிறார். இவருடைய தங்கைக்கு அதே வீட்டில், கணவரின் தம்பிக்கே, கல்யாணப் பேச்சு நடக்கிறது. ஐந்து சவரன் செயினை அடகு வைத்தாவது இந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமா, செய்தால் எதைச் செய்வது, வயிற்றில் இருக்கும் குழந்தையைத் தன் ரத்தத்தைக் கொண்டே பார்த்துவிட முடியுமா, குறை என்று வந்தால் தன்னைக் கேட்காமல் கலைத்துவிடுவார்களா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நாள் கடந்துவிடக் கூடாது என்பதால் கடிதம் கிடைத்த உடனேயே உங்களுக்குச் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். உங்கள் மருத்துவர் எழுதிய எக்ஸோம் சோதனையை மகனுக்கு இந்த வாரமே செய்யுங்கள், 85,000 ரூபாய்ச் சோதனை இப்போது தேவையில்லை, விலை இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதே அந்தப் பதில். அதற்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்கள் கணவருக்கு எழுந்த சந்தேகம் நியாயமானது. வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து என்னிடம் வரும் பல குடும்பங்கள் அதே சந்தேகத்தோடுதான் வருகின்றன. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நூறு டாலர் எதற்கான விலை?

உங்கள் கணவர் படித்தது பொய்யான செய்தி அல்ல. மனித ஜீனோமை, அதாவது நம் டி.என்.ஏ. எழுத்துகளின் முழுத் தொகுப்பை, முதன்முதலாகப் படித்த பன்னாட்டுத் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்தது. அதற்கு ஏறக்குறைய 270 கோடி டாலர் செலவானது. அமெரிக்க அரசின் தேசிய மனித ஜீனோம் ஆய்வு நிறுவனம் வெளியிட்டுவந்த கணக்கின்படி, ஒருவரின் ஜீனோமைப் படிக்கும் செலவு 2001-இல் ஏறக்குறைய 9.5 கோடி டாலராக இருந்து 2022-இல் 525 டாலராகக் குறைந்தது. இல்லுமினா நிறுவனம் 2014-இல் ஆயிரம் டாலருக்கும், 2022-இல் இருநூறு டாலருக்கும் ஒரு ஜீனோமைப் படிக்கும் இயந்திரங்களை அறிவித்தது. அதே 2022-இல் அல்டிமா ஜீனோமிக்ஸ் என்ற நிறுவனம் நூறு டாலர் என்றது. கடந்த கால் நூற்றாண்டில் இவ்வளவு வேகமாக விலை சரிந்த மருத்துவத் தொழில்நுட்பம் வேறொன்றைச் சொல்வது கடினம்.

இந்தச் சரிவுக்குக் காரணம் முறையே மாறியதுதான். ஃபிரெடரிக் சாங்கர் 1977-இல் தந்த முறையில் ஒரு நேரத்தில் ஒரு டி.என்.ஏ. துண்டை, அதிலும் எண்ணூறு எழுத்துகள் அளவுக்கே படிக்க முடியும். துல்லியம் மிக அதிகம். ஆனால் ஏறக்குறைய 310 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு ஜீனோமை அப்படிப் படித்து முடிக்க ஆண்டுகள் ஆகும். இப்போதைய முறையில் டி.என்.ஏ.வைப் பொடிப்பொடியாக உடைத்து, அந்தக் கோடிக்கணக்கான துண்டுகளை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டவைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் புதிய இழை ஓரெழுத்து ஓரெழுத்தாக வளரும்போது அந்தந்த எழுத்துக்குரிய ஒளி வெளிப்படும். அதை இயந்திரத்தின் கேமரா படம்பிடிக்கிறது. ஒரு துண்டிலிருந்து கிடைப்பது 150 எழுத்துகள் அளவுதான். ஆனால் அத்தனை துண்டுகளும் ஒரே நேரத்தில் படிக்கப்படுகின்றன. பிறகு அவற்றை, ஒப்பிடுவதற்கென ஏற்கெனவே படித்து வைத்திருக்கும் மாதிரி ஜீனோமோடு பொருத்தி அந்தந்த இடத்தில் அடுக்குவது கணினியின் வேலை. தவறு நேராமலிருக்க முழு ஜீனோமில் ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 முறையும், ஜீனோமின் சிறு பகுதியான எக்ஸோமில் ஏறக்குறைய 100 முறையும் படிக்கிறார்கள்.

இப்போது விலைக்கு வருவோம். நூறு டாலர், இருநூறு டாலர் என்பதெல்லாம் அந்தத் தகட்டுக்கும் அதில் ஊற்றும் வேதிப்பொருள்களுக்கும் ஆகும் செலவை ஒவ்வொருவரின் ரத்த மாதிரிக்கும் பங்கிட்ட கணக்கு. அதுவும் தகடு முழுதும் நிறைந்தால்தான். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து பாகாயம் போகும் ஷேர் ஆட்டோவில் எல்லா இடமும் நிறைந்தால்தான் ஒரு சீட்டுக்கான அந்தக் கட்டணம் கட்டுபடியாகும். ஒருவருக்காகவே வண்டியை எடுத்தால் கணக்கு வேறு. ஆண்டு முழுதும் ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஓட்டும் பெரிய மையங்களுக்குச் சாத்தியமாகும் விலை, வாரத்துக்குச் சில பத்து மாதிரிகள் வரும் மருத்துவச் சோதனைக்கூடத்துக்குச் சாத்தியமில்லை. பத்து லட்சம் டாலர் அளவுக்கு விலை போகும் இயந்திரம், அதன் பராமரிப்பு, ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து ஓட்டத்துக்குத் தயார் செய்யும் ஆள்கூலி, பெரும்பாலும் இறக்குமதியாகும் ரசாயனங்கள், தரவைச் சேமிக்கும் கணினிகள் எதுவும் அந்த நூறு டாலருக்குள் வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, படித்ததைப் புரிந்துகொள்ளும் உழைப்பு அதில் இல்லை. மாதிரி ஜீனோமோடு ஒப்பிட்டால் நம் ஒவ்வொருவரின் எக்ஸோமிலும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வேறுபாடுகள் இருக்கும். முழு ஜீனோமில் நாற்பது, ஐம்பது லட்சம். அவற்றில் ஏறத்தாழ எல்லாமே தீங்கற்றவை. உங்கள் மகனின் வலிப்புக்கும் வளர்ச்சித் தாமதத்துக்கும் காரணமான ஒன்றை, அப்படி ஒன்று இருந்தால், அந்தக் குவியலிலிருந்து பிரித்தெடுத்து, அது உண்மையிலேயே நோயை உண்டாக்குமா என்று முடிவு செய்து, தன் பெயரில் கையெழுத்திடுபவர் ஒரு மனிதர். இயந்திரத்தின் விலை எவ்வளவு சரிந்தாலும் இந்த உழைப்பின் விலை அந்த வேகத்தில் சரியாது. எக்ஸோம் சோதனைக்கு 28,000 ரூபாய் என்பது இன்று இந்தியாவில் வழக்கமாக வாங்கப்படும் கட்டண வரம்புக்குள்தான் இருக்கிறது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை என்று கணவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

எக்ஸோமா, முழு ஜீனோமா?

நம்மிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் இருபதாயிரம் அளவில் உள்ளன. அவற்றில் புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் பகுதிகளின் மொத்தமே எக்ஸோம்; அது ஜீனோமில் நூற்றில் ஒன்று, இரண்டு பங்குதான். ஆனால் நோயை உண்டாக்குவதாக இதுவரை அறியப்பட்டுள்ள மாற்றங்களில் பெரும்பகுதி இந்தச் சிறு பகுதிக்குள் இருக்கிறது. அதனால்தான் உங்கள் மருத்துவர் எக்ஸோமில் தொடங்கச் சொல்கிறார். முழு ஜீனோம் சோதனை, மரபணுக்களுக்கு இடையில் உள்ள பகுதிகளையும் படிக்கும். துண்டுகள் விடுபட்டிருப்பதையும் இடம்மாறியிருப்பதையும் இன்னும் தெளிவாகக் காட்டும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எக்ஸோமில் விடை கிடைக்காத குடும்பங்களுக்கு நானே அதை எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் அதில் கூடுதலாகக் கிடைக்கும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு என்ன பொருள் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மடங்கு பணம் கொடுத்தால் விடை கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்காகாது.

‘வாழ்நாளில் வேறு டெஸ்டே தேவைப்படாது’ என்ற பேச்சை நம்பாதீர்கள். ஒரே வகை எழுத்துகள் திரும்பத் திரும்ப நீளும் ஃபிராஜைல் எக்ஸ் போன்ற கோளாறுகளை 150 எழுத்துத் துண்டுகளைக் கொண்டு உறுதியாகச் சொல்வது கடினம். அதற்குத் தனிச் சோதனை உண்டு. ஒரே துண்டில் பல்லாயிரம் எழுத்துகளைத் தொடர்ச்சியாகப் படிக்கும் பாக்பயோ, ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் இயந்திரங்கள் இந்தக் குறையை ஈடுசெய்கின்றன என்றாலும், அவை நம் ஊரில் இன்னும் அன்றாடச் சோதனையாகவில்லை. சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர். விற்பனை இலக்கு வைத்துப் போன் செய்பவரிடம் அந்தப் பொறுப்பை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில், குரோமோசோம் சோதனை நார்மல் என்றால் மரபணுக் குறை இல்லை என்றுதானே பொருள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்தச் சோதனையில் நுண்நோக்கியில் தெரிவது ஐம்பது லட்சம் எழுத்துகளுக்கும் மேற்பட்ட பெரிய மாற்றங்கள் மட்டுமே. ஒரே ஓர் எழுத்து மாறினாலும் நோய் வரலாம். அதை எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

உங்கள் மகனைப் போன்ற பிரச்சினையுடன் எக்ஸோம் செய்யும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய முப்பது, நாற்பது பேருக்கு விடை கிடைக்கிறது. சொந்தத்தில் மணந்த பெற்றோரின் குழந்தைகளில் இந்த எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். அப்படியும் விடை கிடைக்காமல் போகும் சாத்தியம் உண்மையானது. பணம் கட்டும் முன் அதை நீங்களும் கணவரும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

விடை கிடைத்தால் என்ன பயன் என்று ஆயா கேட்கலாம். சில நோய்களில் மருத்துவமே மாறும். பயோடினிடேஸ் குறைபாட்டுக்கு பயோடின் மாத்திரை, சிலவகை வலிப்புக்கு வைட்டமின் பி6, மூளைக்குக் குளுக்கோஸ் போய்ச் சேராத கோளாறுக்குக் கொழுப்பு மிகுந்த தனி உணவுமுறை என்று நேரடியான சிகிச்சைகள் உள்ளன. வேறு சில மரபணுக் கோளாறுகளில், பரவலாகக் கொடுக்கப்படும் கார்பமாசெபின் போன்ற மருந்தே வலிப்பை அதிகமாக்கும். இவற்றில் சிலவற்றை எக்ஸோமுக்குக் காத்திருக்காமல், அதைவிட மிகக் குறைந்த செலவில், ரத்தத்திலும் சிறுநீரிலும் பார்க்கலாம். உங்கள் மகனுக்கு இந்த வளர்சிதை மாற்றச் சோதனைகள் செய்யப்பட்டனவா என்று அடுத்த முறை போகும்போது கட்டாயம் கேளுங்கள். நீங்களாக மருந்துக் கடையில் வைட்டமின் வாங்கிக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

யாருடைய ரத்தத்தில் கோளாறு?

மரபணுக்களில் பெரும்பாலானவை நம்மிடம் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன, ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. ஒரு பிரதியில் பழுது இருந்தாலும் மற்றது சமாளித்துவிடும் மரபணுக்கள் ஏராளம். நம் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சில பழுதான பிரதிகள் உண்டு. என்னிடமும் உண்டு, இதை வாசிப்பவர் எல்லாரிடமும் உண்டு. தாயும் தந்தையும் ஒரே மரபணுவில் பழுதான பிரதியைச் சுமந்தால் மட்டுமே, அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதிகளும் பழுதாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்றாகிறது.

உங்கள் மகனுக்கு இருப்பது இந்த வகை நோய் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்த மாற்றம் உங்கள் தாத்தாவிடமோ ஆயாவிடமோ இருந்திருக்கும். அவர்களிடமிருந்து நேரடியாக உங்கள் கணவருக்கு வந்தது. அதே மாற்றம் உங்கள் அம்மாவின் வழியாக உங்களுக்கும் வந்தது. இரண்டும் ஒரே வீட்டு ரத்தம்தான். உன் ரத்தம், என் ரத்தம் என்று இதில் பிரிப்பதற்கே இடமில்லை. இதைச் சொல்லி ஆயாவைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம்; அவருக்கு அது இருப்பது தெரிய எந்த வழியும் இருந்ததில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முடிந்தால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். குடும்ப மரத்தைத் தாளில் வரைந்து காட்டும்போது பல மாமியார்கள் பேச்சை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொந்தத்தில் மணந்ததால்தான் இது வந்தது என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஒரு மாற்றம் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியும் இதே வகை வலிப்பு வரலாம். அப்படியானால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூறில் ஒன்று அளவுக்குத்தான் இருக்கும். நான்கில் ஒன்றா, நூறில் ஒன்றா என்பதை இந்தச் சோதனையைத் தவிர வேறு எதுவும் உங்களுக்குச் சொல்லாது.

தாய்மாமன் திருமணம் என்பது சோதனையைப் படிப்பவருக்கு ஒரு வகையில் உதவியும் செய்கிறது. பொதுவாக ஓர் இடத்தில் நூறு முறை படித்தால், இரு பிரதிகளும் வேறுபடும்போது ஏறத்தாழ ஐம்பது முறை ஓர் எழுத்தும் ஐம்பது முறை வேறோர் எழுத்தும் வரும். பெற்றோருக்குப் பொதுவான முன்னோரிடமிருந்து ஒரே பகுதி இரண்டு வழியாகவும் வந்து சேர்ந்த இடங்களில், நூறு முறையும் ஒரே எழுத்து வரும். அப்படிப்பட்ட நீண்ட பட்டைகள் உங்கள் மகனின் ஜீனோமில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு இருக்க வேண்டும். தேடலை முதலில் அந்தப் பட்டைகளில் தொடங்கலாம். அதனால்தான் மூவருக்கும் சேர்த்து எக்ஸோம் எடுக்காமல் மகனுக்கு மட்டும் எடுத்து, சந்தேகத்துக்குரிய மாற்றம் கிடைத்தபின் உங்கள் இருவரிடமும் அந்த ஓர் இடத்தை மட்டும் சாங்கர் முறையில் சரிபார்ப்பது செலவு குறைந்த வழி என்கிறேன். அந்தச் சரிபார்ப்புக்கு ஆளுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். சொந்த மணம் செய்யாத தம்பதி ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் மூவருக்கும் சேர்த்தே செய்யச் சொல்லியிருப்பேன். மருத்துவப் படிவத்தில் ‘தாய்மாமன் திருமணம்’ என்று மறைக்காமல் எழுதுங்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தையும் நாள்கணக்கும்

நான்கு ஆண்டுகள் பொறுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். எக்ஸோம் அறிக்கை வர வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஒன்பதாம் வாரத்தில் மகனின் ரத்தம் போய்ச் சேர்ந்தால் உங்களுக்குப் பதினைந்தாம் வாரம் முடிவதற்குள் அறிக்கை வரும். உங்கள் இருவரிடமும் சரிபார்க்க ஒன்றிரண்டு வாரம். பதினாறாம் வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைச் சிறிதளவு எடுத்து, அந்த ஒரே மாற்றம் குழந்தையிடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். முடிவு வர ஏறக்குறைய இரண்டு வாரம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இருபதாம் வாரத்தை ஒட்டி உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு வாரத் தாமதமும் இந்தக் கணக்கைக் குலைக்கும். சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் படிவத்தில் ‘தாய் கர்ப்பிணி, இத்தனை வாரம்’ என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். முன்னுரிமை கொடுத்து விரைவாக முடித்துத் தர வாய்ப்பு உண்டு. மிக விரைவாக வந்தால் பதினொன்று முதல் பதினான்காம் வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்தும் பார்க்க முடியும். இரண்டிலும் கருச்சிதைவு ஆபத்து உண்டு. அனுபவமுள்ள கைகளில் அது நூறில் ஒன்றுக்கும் குறைவு.

தாயின் கையிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் சோதனை, டவுன் சிண்ட்ரோம் போன்று குரோமோசோம் எண்ணிக்கை மாறும் கோளாறுகளைச் சலித்தெடுக்க உதவுவது. உங்கள் மகனுடையது போன்ற ஒற்றை மரபணுப் பழுதை அது பார்ப்பதில்லை. அது நார்மல் என்று வந்ததை நம்பி நிம்மதியடைந்துவிட்டுப் பிறகு கலங்கி நின்ற குடும்பங்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மகனிடம் மாற்றம் இன்னதென்று தெரியாமல் வயிற்றில் இருக்கும் குழந்தையிடம் எதைத் தேடுவது என்பதே தெரியாது. ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. உங்கள் மகனுக்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நார்மலாகத்தானே இருந்தது.

உங்களைக் கேட்காமல் கலைத்துவிடுவார்களோ என்ற அச்சத்துக்குச் சட்டத்தின் பதில் தெளிவானது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது. கணவரோ மாமியாரோ உங்களுக்காகக் கையெழுத்திட முடியாது. நீங்கள் முடிவெடுத்தால் கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதும் இல்லை. 2021-இல் வந்த திருத்தத்தின்படி இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், கருவின் கடுமையான குறை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக இருபத்து நான்கு வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். அதற்கு மேல் மருத்துவக் குழு முடிவு செய்யும். கருவில் மரபணுச் சோதனை செய்வதை 1994-ஆம் ஆண்டின் சட்டம் பதிவுபெற்ற மையங்களில் மட்டும் அனுமதிக்கிறது. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்து மூலம் ஒப்புதல் பெற்று, அதன் நகலை உங்களிடம் தர வேண்டும். ஆணா பெண்ணா என்று எவரும் சொல்லவும் கூடாது, நீங்கள் கேட்கவும் கூடாது.

சோதனை செய்வது என்பது கலைப்பதாக ஒப்புக்கொள்வது அல்ல. முடிவு எதுவானாலும் குழந்தையைப் பெற்றுக்கொள்வோம் என்று தீர்மானித்தவர்களும், பிறந்த முதல் நாளிலிருந்தே மருத்துவத்தைத் தொடங்குவதற்காக இதைச் செய்துகொள்கிறார்கள்.

பணமும் கையெழுத்தும்

செயினை அடகு வைக்கும் முன், மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் உங்கள் வருமான விவரத்தோடு ஒருமுறை பேசுங்கள். கட்டணச் சலுகைக்கோ ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் சேர்ப்பதற்கோ வழி இருக்கிறதா என்று மரபணு மருத்துவத் துறையிலும் கேளுங்கள். வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே அப்படி ஒரு துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்தக் கவுண்ட்டரிலும் விசாரியுங்கள். ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஒரு வாரத்துக்குள் வழி பிறக்காவிட்டால், 28,000 ரூபாய்க்காக நகையை அடகு வைப்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். 85,000 ரூபாய்க்காக என்றால் கூடாது என்பேன். மகனுக்கு இயன்முறைப் பயிற்சியும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கிடைக்க மரபணு அறிக்கை எதுவும் தேவையில்லை. அவற்றுக்கு இன்றே விண்ணப்பிக்கலாம்.

சோதனைக்கு உங்கள் மகனிடமிருந்து எடுக்கப்போவது ஊதா மூடிக் குழாயில் இரண்டு, மூன்று மில்லி ரத்தம்தான். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. வலிப்பு மருந்தை அன்று நிறுத்தக் கூடாது. கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைக்கூடங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் சோதனைக்கூடத்துக்கு இருக்கிறதா, மரபணுத் துண்டுகள் விடுபட்டிருப்பதையும் அறிக்கையில் சொல்வார்களா, பெற்றோரைச் சரிபார்க்கத் தனிக் கட்டணம் எவ்வளவு என்பவை முதலில். இந்த நோயோடு தொடர்பில்லாத, பின்னாளில் புற்றுநோய் வரக்கூடும் என்பது போன்ற தற்செயலான கண்டுபிடிப்புகளைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அறிக்கையின் முதல் பக்கத்தில் மரபணுவின் பெயரும், அருகே ‘ஹோமோசைகஸ்’ அல்லது ‘ஹெட்டிரோசைகஸ்’ என்ற சொல்லும், கடைசிக் கட்டத்தில் தீர்ப்பும் இருக்கும். முதல் சொல் இரு பிரதிகளிலும் மாற்றம் உண்டு என்பதையும், மற்றது ஒன்றில் மட்டும் உண்டு என்பதையும் குறிக்கும். தீர்ப்பு ஐந்து வகைப்படும். அவற்றில் மிகுந்த குழப்பம் தருவது ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’ என்ற நடு வகை. அதை நோய்க்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. அதை மட்டும் வைத்துக் கருவைப் பற்றி முடிவெடுப்பது பெருந்தவறு. நம் மக்களிடம் இந்த வகை அதிகம் வருவதற்கு ஒரு காரணம், ஒப்பிடப் பயன்படும் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுந்திருப்பது. 2025 ஜனவரியில் ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேருடைய தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது; இனி இந்த நிலை மெல்ல மாறும்.

ஆகவே மூலத் தரவையும் கேட்டு வாங்கி வையுங்கள். இயந்திரம் படித்த எழுத்துகள் உள்ள ‘ஃபாஸ்ட்க்யூ’, கண்டறிந்த வேறுபாடுகளின் பட்டியலான ‘வி.சி.எஃப்.’ என்ற இரண்டு கோப்புகளையும் கேளுங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ தருவார்கள். இப்போது விடை கிடைக்காவிட்டாலும், ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அதே தரவை மறுபடி ஆராய்ந்தால், புதிய ரத்தமோ புதிய ஓட்டமோ இல்லாமல், சிலருக்கு விடை கிடைக்கிறது. கணவர் சொல்லும் காத்திருப்பை அந்த நிலையில் செய்யலாம்.

தங்கையின் சம்பந்தம்

அறிக்கை வெளியே தெரிந்தால் தங்கையின் கல்யாணம் தடைப்படும் என்று பயப்படுகிறீர்கள். அறிக்கை உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் உரியது. உங்கள் அனுமதியின்றிச் சோதனைக்கூடம் அதை எவரிடமும் தரக் கூடாது. ஆனால் உங்கள் தங்கையிடமும் அம்மாவிடமும் நீங்களே சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். மகனுக்கு இருப்பது குடும்ப வழி வந்த மாற்றம் என்று உறுதியானால், உங்கள் தங்கையிடமும் கணவரின் தம்பியிடமும் அது இருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இருவரிடமும் இருந்துவிட்டால் அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அதே நான்கில் ஒன்று ஆபத்து. ஒருவரிடம் மட்டும் இருந்தாலோ, இருவரிடமும் இல்லாவிட்டாலோ, இந்த நோயைப் பொறுத்தவரை அவர்கள் மணந்துகொள்வதில் தடையில்லை. அதை அறிய எக்ஸோம் வேண்டாம். உங்கள் இருவருக்கும் செய்யும் அதே சாங்கர் சோதனை போதும். ஆகவே மகனின் அறிக்கை வரும் வரையாவது நிச்சயதார்த்தத் தேதியைக் குறிக்க வேண்டாம் என்று உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அறிக்கை வந்ததும் தங்கையையும் மாப்பிள்ளையையும் மரபணு ஆலோசகரிடம் ஒன்றாகவே அனுப்புங்கள்.